பந்து அவளுக்கு, பேச்சு எனக்கு

டென்னிஸில் பந்தை அடிப்பவர் ஒருவர், பேச்சு வாங்குபவர் இன்னொருவர். அந்த இன்னொருவராக இருந்துதான் சில வருஷங்களாக நான் பிழைக்கிறேன்.

என் விசிட்டிங் கார்டில் ‘மீடியா மேனேஜர்’ என்று போட்டிருக்கும். ரேணுகா என்கிற டென்னிஸ் வீராங்கனைக்குப் பத்திரிகைக்காரர்களிடமிருந்து வருகிற ஃபோனை எடுப்பது, எடுத்து ஒன்றும் சொல்லாமல் வைப்பது, பேட்டிக்கு நேரம் கொடுப்பது, கொடுத்த நேரத்தை மாற்றியதற்கு மன்னிப்புக் கேட்பது எல்லாம் என் வேலை. ரிசப்ஷனில் உட்காருகிறவர்கள், டாக்டர் வருவதற்கு முன்பே டோக்கன் கொடுத்துவிட்டு முழிப்பவர்கள், ‘சார் மீட்டிங்கில் இருக்கார்’ என்று தினமும் சொல்லிச் சொல்லி அதைத் தாங்களே நம்ப ஆரம்பித்தவர்கள், இவர்களெல்லாம் நம்ம ஆட்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். அவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், நமக்கு இது திங்கட்கிழமை.

பொறுமைக்கு நன்றி

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் மர்பி டவுன். வீட்டில் தமிழ், தெருவில் தக்னி உருது, பள்ளிக்கூடத்தில் கன்னடம், சம்பளத்துக்கு இங்கிலீஷ். இந்த நாலையும் வைத்துக்கொண்டு ஒரு இன்டர்நெட் கம்பெனியின் கஸ்டமர் கேரில் உட்கார்ந்திருந்தேன். நாலிலும் திட்டு வாங்கியிருக்கிறேன். தமிழில் திட்டினால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும், அர்த்தம் முழுசாகப் புரிந்துவிடுவதால்.

ரேணுகாவின் காரியங்களைக் கவனிக்கும் ஏஜென்சியில் ஆள் தேடுகிறார்கள் என்று தோழி ஒருத்தி சொன்னதும் போய் நின்றேன். இன்டர்வியூ நடந்தது ஆபீஸில் அல்ல, பிராக்டிஸ் கோர்ட்டில். ரேணுகாவுக்கு அப்போது இருபது வயதுகூட முடிந்திருக்காது. பெஞ்சில் உட்கார்ந்து ராக்கெட் பிடிக்குப் புது டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிராமலே தலையை மட்டும் ஆட்டினாள். ஏஜென்சிக்காரர் என் அனுபவத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவள் ஃபோன் அடித்தது. திரையைப் பார்த்தவள், சுடச்சுட இருக்கிற இட்லித் தட்டைத் தள்ளுகிற மாதிரி அதை என் பக்கம் தள்ளினாள்.

எதிர்முனையில் ஒரு நிருபர். அவளுடைய முழங்காலில் பிரச்சினையாமே, அடுத்த போட்டியில் ஆடுவாளா மாட்டாளா என்று கேட்டார். எனக்கு முழங்காலும் தெரியாது, போட்டியும் தெரியாது. ஆனால் தெரியாததைப் பற்றிப் பேசுவதுதானே அதுவரை என் தொழில்! “உங்க அக்கறை புரியுது சார். இதை உடனே சம்பந்தப்பட்டவங்க கவனத்துக்குக் கொண்டுபோறேன். நீங்க இவ்வளவு பொறுமையா கேட்டதுக்கு ரொம்ப நன்றி” என்றேன். அவர் சாந்தமாகி, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற குரலில் விடைபெற்று வைத்துவிட்டார். ரேணுகா டேப் சுற்றுவதை நிறுத்திவிட்டு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அக்கா, நீங்க அவர்கிட்ட ஒண்ணுமே சொல்லலை. ஆனா அவர் தாங்க்ஸ் சொல்லிட்டு வெச்சாரு. எப்ப சேர்றீங்க?”

இதுதான் சிரிப்பு

ரேணுகாவின் முகம் ஒரு மாதிரியான முகம். சந்தோஷமாக இருந்தாலும், பசியாக இருந்தாலும், கார் பஞ்சரானாலும் ஒரே முகம்தான். பழகியவர்களுக்குப் புருவத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஊருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? ‘கொப்பு ஜாஸ்தி’ என்றார்கள். கொழுப்பு என்பதற்குக் கன்னடத்தில் அதுதான் சொல். சேர்ந்த முதல் மாதத்தில் அந்தச் சொல்லை நான் கேட்காத நாளே கிடையாது.

ஒருநாள் அல்சூர் மார்க்கெட் பக்கம் கரும்பு ஜூஸ் குடிக்க நிறுத்தினோம். இரண்டு காலேஜ் பெண்கள் ஓடிவந்து செல்ஃபி கேட்டார்கள். ரேணுகா மறுக்கவில்லை, கையில் ஜூஸ் டம்ளரோடு நடுவில் போய் நின்றாள். எடுத்துப் பார்த்த ஒருத்தி, “மேடம், கொஞ்சம் சிரிங்களேன், போலீஸ் ஸ்டேஷன்ல எடுத்த ஃபோட்டோ மாதிரி இருக்கு” என்றாள். ரேணுகா ரொம்ப நேர்மையாக, “சிரிச்சுட்டுத்தானே இருக்கேன்” என்றாள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே ஸ்டேஷன். ஜூஸ் கடைக்காரர்கூட மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். நான் ஏதாவது சமாதானம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண்ணே ரேணுகாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

“பரவால்ல மேடம், நீங்க கஷ்டப்படாதீங்க. சிரிப்பை நாங்க ஃபில்டர்ல போட்டுக்கறோம்.”

அம்பயருக்குக் கன்னடம்

மஞ்சுநாத்தை இங்கே அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஒரு கன்னட சேனலின் ஸ்போர்ட்ஸ் நிருபர். முன்வழுக்கை, தோளில் ஒரு ஜோல்னாப் பை, வாயைத் திறந்தால் “ஒந்து பைட் மேடம், ஒந்தே ஒந்து பைட்.” பைட் என்றால் டிவியில் போடுகிற சில விநாடிப் பேச்சு. ஒன்று என்று ஆரம்பிப்பார், அரைமணி நேரம் ஆகும். தன் கேள்வியை முடிக்கத் தெரியாத மனிதர். கேள்விக்குள் ஒரு கதை, கதைக்குள் இன்னொரு கேள்வி என்று போய்க்கொண்டே இருக்கும்.

பெங்களூரில் நடந்த ஒரு போட்டியில் ரேணுகா முதல் சுற்றை ஜெயித்துவிட்டுப் பேட்டி அறைக்கு வந்து உட்கார்ந்தாள். மஞ்சுநாத் எழுந்து ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில், “உங்க வீட்ல தமிழா, கன்னடமா?” என்று முடித்தார். நம்ம ஊரில் இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் பாதிப் பேருக்கு வருத்தம். ரேணுகா யோசிக்கவே இல்லை. “அப்பா மேல கோபம் வந்தா தமிழ். அம்பயர் மேல கோபம் வந்தா கன்னடம். அவருக்குப் புரியாதுல்ல” என்றாள். அறையே சிரித்தது. மஞ்சுநாத் ரொம்பச் சிரித்தார். நானும் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் ஒரு வெப்சைட்டில் தலைப்பு: ‘அம்பயரைக் கன்னடத்தில் திட்டினார் ரேணுகா.’ அம்பயர் வெளிநாட்டுக்காரர். போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து நேரில் வரச்சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. அது வேடிக்கைக்குச் சொன்னது, அவள் கோர்ட்டில் வாயே திறக்கவில்லை, வேண்டுமானால் வீடியோ பாருங்கள் என்று நான் கஸ்டமர் கேர் குரலில் விளக்கிக்கொண்டே போக, அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

“விடுங்க மேடம், அம்பயர் கோவிச்சுக்கலை. ஆனா காலைலேர்ந்து ஹோட்டல் ரூம் பாய்கிட்ட கன்னடம் கத்துக்கிட்டிருக்கார்.”

சோக மியூசிக்

ரேணுகாவின் அப்பா செல்வராஜ். அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். சொந்தப் பட்டறை, வேலைக்கு ஆட்கள், வாசலில் ஒரு கார். மகளை விடியற்காலையில் பிராக்டிஸுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வந்து ஷட்டரைத் திறப்பார். அவர் பட்ட பாடு உண்டு. ஆனால் அதை அவர் பாடு என்று ஒருநாளும் சொன்னதில்லை, வேலை என்றுதான் சொல்வார்.

வட இந்தியாவிலிருந்து ஒரு பெரிய சேனல் அவரைப் படம்பிடிக்க வந்தது. முதலில் காரை அந்தப் பக்கம் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். பிறகு இஸ்திரி போட்ட சட்டையை மாற்றிக்கொண்டு வேலைச் சட்டையைப் போடச் சொன்னார்கள். அதில் கிரீஸ் போதவில்லையாம், கொஞ்சம் தடவினார்கள். ஒரு கையில் ராக்கெட்டைக் கொடுத்து, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பட்டறையில் ஜன்னல் கிடையாது. வெண்டிலேட்டரைப் பார்த்தார். எல்லாருக்கும் டீயும் மசால் வடையும் வாங்கிக்கொடுத்து அனுப்பினார்.

ஒளிபரப்பான அன்று நாங்கள் எல்லாரும் அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். புல்லாங்குழல் அழ, இருட்டுப் பட்டறையில் அவர் மெதுவாக, ஸ்லோ மோஷனில், நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார். ‘கண்ணீரில் வார்த்த கனவு’ என்கிற மாதிரி இந்தியில் ஏதோ எழுத்து ஓடியது. ரேணுகா எழுந்துவிட்டாள். “எங்கப்பா எப்ப அழுதாரு? இவங்ககிட்ட வந்து சொன்னாரா?” என்றாள். அவளுடைய குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான். இனிமேல் அப்பாவை யாரும் படம்பிடிக்கக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள். செல்வராஜ் ரிமோட்டை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“படம் நல்லாத்தாம்மா எடுத்திருக்காங்க. ஆனா அந்த மியூசிக்கைக் கேட்டதும் எனக்கே என் மேல பரிதாபமாப் போச்சு.”

கல்யாண ஃபோட்டோ

என் சித்தி மகள் கவிதாவுக்கு அல்சூரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். ரேணுகாவைக் கூட்டிவருவதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அவளாகத்தான், “நானும் வரட்டுமாக்கா? பந்தில உக்காந்து சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு” என்றாள். சாதாரணச் சுடிதார், ஒட்டவைத்த பொட்டு. யாருக்கும் தெரியாது என்று நம்பினோம். உங்களை மாதிரி நானும் எத்தனை அடிபட்டாலும் இந்த மாதிரி நம்பிக்கையை மட்டும் விடுவதில்லை.

வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்ணே கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த ஐந்து நிமிஷத்தில் மேடையில் மணமக்கள் மட்டும் நின்றார்கள், மண்டபம் மொத்தமும் எங்கள் பக்கம். ஃபோட்டோகிராபரும் லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மாப்பிள்ளையின் தாய்மாமா, வயசான மனிதர், ரேணுகாவிடம் தன் முட்டிவலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். அவள் புருவத்தைப் பார்த்தேன், பயந்திருந்தாள். “கவிதாக்கா தனியா நிக்கறாங்க, என்னை எங்கயாவது கொண்டுபோங்க” என்று என் கையை அழுத்தினாள். சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அண்டாக்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். சமையல்காரர்கள் அவளை யாரென்று கேட்கவில்லை, “பிரியாணி போடட்டுமா?” என்று மட்டும் கேட்டார்கள். நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

பாதிச் சாப்பாட்டில் கவிதாவே மாலையும் கழுத்துமாக உள்ளே வந்துவிட்டாள். ரேணுகா எச்சில் கையோடு எழுந்து, “சாரிக்கா, உங்க கல்யாணத்தைக் கெடுத்துட்டேன்” என்றாள். கவிதா அவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, பக்கத்தில் கவிழ்ந்திருந்த பாத்திரத்தின் மேல் பட்டுப்புடவையோடு தானும் உட்கார்ந்தாள்.

“ஃபோட்டோகிராபர்கிட்ட பார்த்தேன். என் கல்யாண ஆல்பத்துல நீ எல்லாத்துலயும் இருக்க. என் புருஷன் ஒண்ணே ஒண்ணுல இருக்காரு, அதுலயும் உன்னத்தான் பார்த்துட்டிருக்காரு.”

பாதி வாக்கியம்

இனிச் சொல்லப்போவது அவ்வளவு சிரிப்பான விஷயம் இல்லை.

அடுத்த வருஷம் அதே பெங்களூர் போட்டி, அரையிறுதி. ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. அடுகோடியிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ரேணுகாவுக்கு அன்றைக்கு எதுவுமே கைகூடவில்லை. சர்வீஸ் போட்டால் வலையில் விழுந்தது, வலையைத் தாண்டினால் கோட்டுக்கு வெளியே போனது. முதலில் கத்தி உற்சாகப்படுத்திய கூட்டம், பிறகு உச்சுக்கொட்டியது, பிறகு எழுந்து போக ஆரம்பித்தது. தோற்றதும் விதிப்படி நேராகப் பேட்டி அறைக்கு வந்தாள். வியர்வையில் முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது.

மஞ்சுநாத் எழுந்தார். இத்தனை ஜனம் வேலையை விட்டு, வெயிலில் காத்திருந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு என்று நீளமாகப் போய், அவர்களுக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று முடித்தார். ரேணுகா சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: “நான் ஜனங்களுக்காக ஆடலை, ஜனங்களுக்கு முன்னாடி ஆடறேன். தோத்தா முதல்ல வலிக்கிறது எனக்குத்தான். அவங்க வந்ததுக்கு ரொம்ப நன்றி.” நாங்கள் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊர் முழுக்க ஃபோனில் ஓடியது, ‘நான் ஜனங்களுக்காக ஆடலை’ என்பது மட்டும்தான்.

அப்புறம் என்ன, வெள்ளம்தான். கொப்பு என்றார்கள், நன்றிகெட்டவள் என்றார்கள், எழுதக்கூடாததையும் எழுதினார்கள். என் தெருவில் குழாயடியில் நின்ற பெண், “உன் ரேணுகா இப்படிச் சொல்லிடுச்சே” என்று ஏதோ நான் சொல்லிக்கொடுத்த மாதிரி பார்த்தாள். நமக்காக ஆடவில்லையாமே என்று ஆட்டோக்காரர் தக்னியில் வருத்தப்பட்டு, மீட்டர் போடவும் மறந்துவிட்டார். முழுப் பேச்சையும் நாங்கள் வெளியிட்டோம். முழுசைக் கேட்க யாருக்கு நேரம்? நான்தான் ராப்பகலாக ஒவ்வொரு கமெண்டாகப் படித்துக்கொண்டிருந்தேன், ஏதோ ஒன்றாவது நல்லதாக இருக்காதா என்று. ரேணுகா வந்து என் கையிலிருந்து ஃபோனை மெதுவாக எடுத்தாள்.

“போதும்க்கா, படிக்காதீங்க. உங்க முகம் என் முகம் மாதிரி ஆயிட்டு வருது.”

இன்று வரமாட்டார்

அதன்பிறகு ரேணுகா யாரிடமும் பேசுவதில்லை என்று முடிவெடுத்தாள். எந்த ஊர் போட்டியானாலும், ஆட்டம் முடிந்ததும் நான் தனியாகப் பேட்டி அறைக்குப் போய், “ரேணுகா இன்று வரமாட்டார்” என்று சொல்லிவிட்டு வருவேன். ஒரே வாக்கியம். அதற்கு அடையாள அட்டை, ஏசி அறை, முன்னால் மைக் வேறு. போட்டி நடத்துகிறவர்கள் எச்சரித்தார்கள். பேசாத முகத்தை வைத்து எப்படி ஷூ விற்பது என்று விளம்பரம் கொடுத்த கம்பெனி கேட்டது. ஒரு பத்திரிகையின் மூத்த நிருபர் மட்டும், தினமும் வந்து இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறாளே என்று இரக்கப்பட்டு, எனக்குக் காபி எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

சென்னையில் ஒரு போட்டியை முடித்துவிட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜோலார்பேட்டை தாண்டியிருக்கும். போட்டி நடத்துகிறவர்களும் கம்பெனிக்காரர்களும் சொன்னதை அவளிடம் சொன்னேன். ஜன்னலைப் பார்த்தபடி, “பேசினாத்தான் ஆடலாம்னா, நான் ஆடலைக்கா. அப்பா பட்டறையில கணக்கு பார்த்துக்கறேன்” என்றாள். சொன்னது விளையாட்டுக்கு இல்லை, புருவத்தில் தெரிந்தது. எனக்குத் திக்கென்றது. என் வேலை போய்விடுமே என்று மட்டும் இல்லை. அவள் பந்து அடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நேரத்தில்தான் அந்த முகம் முழுசாகத் திறந்திருக்கும்.

“அப்படி என்னம்மா கஷ்டம் அதுல? நாலு கேள்வி, நாலு பதில்” என்றேன். டீக்காரர் வந்து போனார். அப்புறம் சொன்னாள்.

“பரீட்சையில ஃபெயிலாகி வெளிய வர்ற பொண்ணை, முகம்கூடக் கழுவ விடாம வாசல்லயே நிறுத்தி, ஏன் ஃபெயிலானேன்னு ஊரே கேட்டா எப்படி இருக்கும்? பாஸான அன்னிக்கும் எனக்கு அந்த வாசல்தான்க்கா ஞாபகம் வருது.”

மடித்த துண்டு

சொந்தப் பட்டறை வைப்பதற்கு முன் செல்வராஜ் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னராக இருந்தார். அங்கே ஆயுத பூஜைக்கு மகளைக் கூட்டிவருகிறேன் என்று பழைய சிநேகிதர்களிடம் சொல்லிவிட்டார். அப்பா கேட்டால் ரேணுகாவுக்கு மறுக்கத் தெரியாது. பத்திரிகை இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு போனோம். மெஷின்களுக்கெல்லாம் சாமந்தி மாலை, வாசலில் வாழைக்கன்று, நடுவில் உடைத்த பூசணிக்காய். மைக்கைக் கொடுத்ததும் ரேணுகா, “எல்லாருக்கும் வணக்கம். பொரி நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு முற்றத்தில் இரண்டு டிரம்முக்கு நடுவில் கயிறு கட்டி, அவளோடு ஆட ஆசைப்படுகிறவர்கள் வரலாம் என்றார்கள். ஆண்கள் வெட்கப்பட்டார்கள். அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிற தனலட்சுமி என்கிற தர்மபுரிக்கார அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். ரேணுகா பூ மாதிரி ஒரு பந்தைப் போட்டாள். அந்த அம்மா விட்ட விடில் அது பக்கத்துத் தொழிற்சாலையின் கூரையில் போய் விழுந்தது. இன்னொரு பந்தும் அங்கேயே போனது. முற்றமே ஊளையிட்டது.

ராக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது தனலட்சுமி ரேணுகாவின் கையை விடவில்லை. அரையிறுதியை வேலைக்கு நடுவே யாரோ ஃபோனில் வைத்திருந்தார்களாம், பார்த்தாராம். நான் பயந்துபோய்ப் பக்கத்தில் போனேன், ஜனங்களுக்காக என்று ஆரம்பித்தால் தடுத்துவிடலாம் என்று. அவர் அந்தப் பேச்சுக்கே போகவில்லை. ரேணுகா அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், அந்த அம்மா சொன்னதைத் திரும்பத் திரும்ப.

“தோத்துப்போய்ட்டு, துண்டை நாலா மடிச்சு வெச்சுட்டு எழுந்து போன பாரு, அதுதான் எனக்குப் புடிச்சுது. நானா இருந்தா சுருட்டி அம்பயர் மூஞ்சிலயே விட்டெறிஞ்சிருப்பேன்.”

காணாமல் போன கேள்வி

அடுத்த வாரம் பிராக்டிஸ் நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கேட்டுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் மஞ்சுநாத் நனைந்துகொண்டு நின்றார். கேமரா இல்லை, மைக் இல்லை, ஜோல்னாப் பையைத் தலைமேல் வைத்திருந்தார். அவரை அனுப்பிவிடுவதுதான் என் வேலை. போய்க் கதவைத் திறப்பதற்குள் பின்னாலேயே ரேணுகா வந்துவிட்டாள். “உள்ள வரச் சொல்லுங்கக்கா, காய்ச்சல் வந்துடப்போகுது” என்றாள்.

ஷெட்டுக்குள் உட்காரவைத்துத் துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தாள். கொடுத்த கையோடு நேராகக் கேட்டுவிட்டாள்: “பாதிய மட்டும் ஏன் போட்டீங்க?” மனிதர் தலையைத் துடைப்பதை நிறுத்தினார். முழுசாகத்தான் அனுப்பினேன், ஆபீஸில் வெட்டிவிட்டார்கள், அன்றிலிருந்து இதைச் சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் அலைகிறேன், புவனா மேடம் ஃபோனில் ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள் என்றார். புவனா மேடம் என்பது நான்தான்.

ரயிலில் என்னிடம் சொன்னதை ரேணுகா அவரிடமும் சொன்னாள், அந்த வாசலைப் பற்றி. தோற்றதும் ஒரு குளியல் போட நேரம் கொடுத்தால்கூடப் போதும் என்றாள். “அஷ்டேனா? அவ்வளவுதானா?” என்று மஞ்சுநாத் கேட்டார். அதை யாரும் சொல்லவே இல்லையே என்று என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். அப்புறம் அவர் துண்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னதற்கு, ரேணுகா வாய்விட்டுச் சிரித்தாள். பல் தெரிய, சத்தம் கேட்க. செல்ஃபி எடுக்க யாரும் இல்லாமல் போய்விட்டார்கள்.

“உங்களுக்காவது பாதி வந்துச்சு மேடம். என் கேள்விய சுத்தமாத் தூக்கிட்டாங்க. நீ அன்னிக்கு நிஜமாவே அங்க போனியான்னு நான் கட்டின ஹெண்ட்தியே இன்னும் கேக்கறா.”

குளித்துவிட்டு வருவார்

மீண்டும் பெங்களூர் போட்டி வந்தபோது, போட்டி நடத்துகிறவர்களிடம் போய் நின்றேன். ஆட்டம் முடிந்து அரைமணி கழித்துத்தான் ரேணுகா வருவார், ஆனால் கட்டாயம் வருவார் என்றேன். அவர்கள் யோசித்தார்கள். மஞ்சுநாத்தும் காபி நிருபரும் மற்றவர்களிடம் பேசிவைத்திருந்தார்கள் போலிருக்கிறது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. எத்தனையோ சொற்றொடர் கற்றுவைத்திருந்த எனக்கு, ‘குளித்துவிட்டு வருவார்’ என்கிற இரண்டு சொல்லில் காரியம் முடிந்தது.

காலிறுதியில் ரேணுகா தோற்றாள். மூன்று செட் போய், கடைசி வரை இழுத்து, மயிரிழையில் தோற்றாள். கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. வெளியே வரும்போது ஒரு குரல் கன்னடத்தில், “அடுத்த தடவை நம்ம முன்னாடியே ஜெயிச்சுடும்மா” என்றது. அந்த ‘முன்னாடி’யைக் கேட்டதும் ரேணுகா நின்று, கையைத் தூக்கிக் காட்டினாள். பாதி வாக்கியம் போன ஊரில் மீதிப் பாதி யாருக்கோ போய்ச் சேர்ந்துதான் இருந்திருக்கிறது.

அரைமணியில் ஈரத்தலையைப் பின்னிக்கொண்டு பேட்டி அறைக்கு வந்தாள். மஞ்சுநாத் எழுந்தார். எல்லாரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள், நீளமாகப் போகும் என்று. அவர், “ஹேகித்தீரா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். எப்படி இருக்கிறீர்கள், அவ்வளவுதான். ரேணுகா தண்ணீர் குடித்தாள். “நல்லா இருக்கேன்” என்றாள். பிறகு பேக்ஹேண்டில் எங்கே தப்பு நடந்தது என்று ஆரம்பித்தாள். இரண்டாவது செட்டில் காற்று மாறியது, எதிராளி அதை எப்படிப் பயன்படுத்தினாள், தான் எப்படிச் சுதாரித்தாள் என்று கையை வீசிக் காட்டி, மேஜைமேல் பாட்டில்களைக் கோர்ட் மாதிரி அடுக்கி, கன்னடத்திலும் இங்கிலீஷிலும் நடுவில் தன்னை மறந்து தமிழிலும் விளக்கினாள். பந்து அடிக்கும்போது திறக்கிற முகம் அங்கே, அத்தனை பேருக்கு முன்னால், திறந்திருந்தது. வரமாட்டார் என்று சொல்லிச் சொல்லி நின்ற அதே மூலையில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் கலங்கியது. கலங்கட்டும் என்று விட்டேன், புல்லாங்குழல் எதுவும் இல்லையே. முதல் செட்டைத் திரும்ப ஆரம்பித்தபோது காபி நிருபர் மெதுவாக நகர்ந்து என்னிடம் வந்தார். கடிகாரத்தைக் காட்டினார்.

“புவனா மேடம், ரொம்ப சந்தோஷம், ஆனா கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. இத்தனை நேரம் எங்க இருந்தீங்கன்னு ஆபீஸ்ல கேட்டா, இப்ப நாங்க என்னன்னு பதில் சொல்றது?”

ஜெயித்தால் அவள் நன்றாக ஆடினாள் என்பார்கள், தோற்றால் நான் சரியாகப் பேசவில்லை என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நிம்மதியாக மூச்சுவிட ஓர் அரைமணி நேரம் கிடைக்கிறதே, இந்தத் தொழிலில் அதற்குமேல் எதிர்பார்த்தால் அதற்கும் நான்தான் மன்னிப்புக் கேட்கவேண்டியிருக்கும்.